குமரி மாவட்டக் கல்லூரி வளாகத்தைப் பசுமையாக்க: தராசில் தொடங்கி அடுத்த செட்டிடம் ஒப்படைப்பது வரை

“சாரே, பிள்ளைய பச்சைத் தொட்டி, நீலத் தொட்டின்னு பிரிச்சுப் போட்டாலும், கடைசியில ஒரே வண்டியிலதானே கொட்டுதாவ?”

எங்கள் வளாகத்தில் தூய்மைப் பணி பார்க்கும் அக்கா ஒருவர் கேட்ட கேள்வி இது. அதற்குள் நாங்கள் வண்ணத் தொட்டிகள் வாங்கி, அறிவிப்பு ஒட்டி, படமும் எடுத்து முடித்திருந்தோம். அவர் சொன்னது உண்மை. தொட்டி வரைக்கும் திட்டம் இருந்தது. தொட்டிக்கு அப்புறம் எதுவும் இல்லை.

அதன்பிறகு எந்த வேலையை எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கப் பழகினோம்: இதைத் தினமும் தொடப்போவது யார் கை? குப்பை மூட்டையைத் தூக்குபவர், வால்வைத் திறப்பவர், மெயின் சுவிட்சை அணைப்பவர், மாசி வெயிலில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர். பெயர் சொல்ல முடிந்தால் அந்த வேலை நடக்கும். சொல்ல முடியாவிட்டால் சுற்றுச்சூழல் நாள் படத்தோடு முடிந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான். நாகர்கோவில் நகரத்துக் கல்லூரி, மேற்கே ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் கல்லூரி, கடலோரத்துக் கல்லூரி என்று இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: குழுவில் யார் யார்?

பெரும்பாலும் முதல்வர், துறைத் தலைவர்கள், என்.எஸ்.எஸ். அலுவலர், இரண்டு மாணவர்கள் என்று குழு அமைப்பார்கள். அவர்கள் இருக்கட்டும். கூடவே பிளம்பர், எலெக்ட்ரீஷியன், தோட்டக்காரர், கேண்டீன் நடத்துபவர், ஹாஸ்டல் வார்டன், தூய்மைப் பணியாளர்களில் ஒருவர் ஆகியோரையும் உறுப்பினராகவே சேருங்கள். கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி போட்டு, அவர்கள் பேசிய பிறகு மற்றவர்கள் பேசுங்கள். எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது, எந்த நாளில் சோறு அதிகம் மிஞ்சுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

மாணவர்களில் இறுதியாண்டுப் பிள்ளைகளை மட்டும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு மூத்த மாணவர், ஒரு இளைய மாணவர் என்று ஜோடியாகப் போடுங்கள். காரணம் கடைசிப் படியில் வரும்.

படி 2: ஒரு மாதம் எதையும் மாற்ற வேண்டாம், அளந்து மட்டும் பாருங்கள்

தேவையானவை: தொங்கு தராசு ஒன்று, தடித்த நோட்டு ஒன்று, கடந்த 12 மாத மின் கட்டணப் பட்டியல்.

முதலில் குப்பை. ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, கேண்டீன், ஹாஸ்டல் மெஸ், வகுப்பறைகள், அலுவலகம், தோட்டம் என்று தனித்தனியாக எடை போடுங்கள். கேண்டீன் கழிவை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள்: சமைக்கும்போது வரும் தோல், காம்பு ஒரு பக்கம், தட்டில் மிஞ்சிய சோறு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தீர்வு வேறு. தோலை உரமாக்க வேண்டும். தட்டில் மிஞ்சும் சோற்றுக்கு முதல் தீர்வு அளவாகப் பரிமாறுவதும், வேண்டுமானால் மறுமுறை கேட்டு வாங்கும் வசதியும்தான். சோறு மிஞ்சுவதைக் குறைக்காமல் உரக்குழி வெட்டுவது பொருத்தமில்லை.

அடுத்து தண்ணீர். மோட்டார் ஓடும் நேரத்தை வாட்ச்மேனிடம் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆளில்லாத கட்டடத்தின் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, காலையில் மறுபடி பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும். கழிப்பறை சிஸ்டர்ன் ஓசையில்லாமல் கசியும். தொட்டியில் கொஞ்சம் நீலப் பொடி கலந்து கால் மணி நேரம் காத்திருந்து, கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

மின்சாரத்துக்குக் கட்டணப் பட்டியலே போதும். மே மாத விடுமுறையில் ஓடிய யூனிட்டைக் கல்லூரி நடக்கும் மாதத்தோடு ஒப்பிடுங்கள். யாருமே இல்லாத மாதத்தில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது நிர்வாகத்துக்கு நீங்கள் காட்டப்போகும் முதல் பக்கம். உயர் மின்னழுத்த இணைப்பு உள்ள வளாகங்களில் அதிகபட்சத் தேவைக்கும் (ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச அளவு) தனிக் கட்டணம் உண்டு. எல்லா மோட்டாரும் காலை 9 மணிக்கு ஒன்றாக ஓடினால் அது ஏறும். நேரத்தை மாற்றி வைப்பதற்குச் செலவே இல்லை.

கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருவதற்காக மட்டும் இந்த அளவெடுப்பைச் செய்பவர்கள் உண்டு. அப்போது எண்கள் கோப்பில் தூங்கிவிடும். ஒவ்வொரு மாதமும் மூன்றே எண்களை (குப்பை கிலோ, தண்ணீர், யூனிட்) முகப்பில் உள்ள கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் பாருங்கள். பிள்ளைகள் நின்று படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள்.

படி 3: குப்பை

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் குப்பையைப் பிரிக்க வேண்டும், மக்கும் கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. நம் கல்லூரிகள் பெரும்பாலும் அந்தப் பரப்பைத் தாண்டியவை.

தொட்டி வாங்கும் முன்னால் சேரும் இடத்தை முடிவு செய்யுங்கள். மக்கும் கழிவு எந்தக் குழிக்கு, காகிதமும் அட்டையும் எந்தப் பழைய பேப்பர் வியாபாரிக்கு, எந்தக் கிழமை, விற்ற பணம் யாருக்கு. அந்தப் பணத்தைத் தூய்மைப் பணியாளர்களுக்கே கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பிரித்து வைப்பதில் மெனக்கெடுவது அவர்கள்தான். கையுறை, காலணி, மழைக்கோட்டு இவை திட்டச் செலவின் முதல் வரியில் வர வேண்டும். அப்புறம் தொட்டி. வகுப்பறைகளிலிருந்து தொட்டியை எடுத்துவிட்டு, மாடிக்கு ஒரே இடத்தில் இரண்டு தொட்டி வையுங்கள். எழுந்து நடந்து போடும் பிள்ளை யோசித்துப் போடும்.

கேண்டீன் கழிவுக்கு நம் ஊரில் எரிவாயுக் கலனைத்தான் முதலில் சொல்வேன். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் ‘சக்தி சுரபி’ என்ற பெயரில் சமையல் கழிவில் ஓடும் கலனை உருவாக்கியிருக்கிறது. குழுவோடு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேண்டீன்காரரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். கணக்கு இப்படி: சுமார் 5 கிலோ சமையல் கழிவுக்கு ஒரு கன மீட்டர் வாயு. அது ஏறத்தாழ 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். நாளுக்கு 50 கிலோ கழிவு வரும் வளாகத்தில் 4 கிலோவுக்குச் சற்று மேல். அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று நாலைந்து நாளுக்கொரு முறை மிச்சம். தொடங்கும்போது சாணிக் கரைசல் ஊற்ற வேண்டும், வாயு வர சில வாரம் ஆகும். மீன் கழிவைக் கலன் ஏற்றுக்கொள்ளும். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, வெங்காயச் சருகு, எலும்பு வேண்டாம். மரச்சீனி (மரவள்ளி) தோலையும் மொத்தமாகக் கொட்டாதீர்கள். வெளியே வரும் கரைசல் வாழைக்கு நல்ல உரம்.

இலைச் சருகுக்கு உரக்குழி. இங்கேதான் குமரியின் மழையை மனதில் வைக்க வேண்டும். நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. தரைக்குக் கீழே வெட்டிய குழி இரண்டு மழையிலும் ரொம்பி நாறிவிடும். தரைக்கு மேலே, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டிய தொட்டியும் மேலே கூரையும் வேண்டும். ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு. வாரம் ஒருமுறை கிளறல். ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி வைத்து, எடுத்துத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேலை நடக்கிறது. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை. ஈரமே இல்லாவிட்டால் தண்ணீர் தெளியுங்கள்.

மழைக்காலத்தில் காய்ந்த சருகு கிடைக்காதே என்றால், அதற்கான சேமிப்பு தை மாதத்திலேயே தொடங்க வேண்டும். ரப்பர் இலை உதிர்வதும் அந்தப் பனி, கோடை நாட்களில்தான். சாக்குகளில் அடைத்து நனையாத இடத்தில் அடுக்கி வையுங்கள். அந்த மூட்டைகள் இல்லாமல் ஆடியில் உரம் செய்ய முடியாது. சருகுக்குத் தீ வைப்பது முழுக்க நிற்க வேண்டும்.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் எந்த வளாகத்துக்குப் பக்கத்திலும் ஒரு தென்னந்தோப்பு இருக்கும். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு வளர்வது உரக்குழியிலும் எருக்குவியலிலும்தான். கிளறும்போது வெள்ளைப் புழு தடிமனாகச் சுருண்டு கிடந்தால் பொறுக்கி அழியுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலப்பதும் வேளாண் துறை சொல்லும் முறை. இதைக் கவனிக்காவிட்டால் பக்கத்துத் தோப்புக்காரர் உங்கள் உரத் திட்டத்துக்கு எதிரியாகிவிடுவார், அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ள 14 பொருட்களின் பட்டியலைக் கேண்டீனில் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை அதில் உண்டு. துணிபோலத் தோன்றும் நெய்யப்படாத பையும் உண்டு. கருத்தரங்குகளில் நாமே அந்தப் பையில்தான் கோப்பு போட்டுக் கொடுத்துவந்தோம்! துணிப்பை தைக்கும் மகளிர் குழு எந்த ஊரிலும் கிடைக்கும். தேநீருக்கு எவர்சில்வர் டம்ளர். கழுவ ஆள் வேண்டும், அந்தக் கூலியைக் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மாணவியர் கழிப்பறையில் நாப்கினுக்கு மூடியுள்ள தனித் தொட்டி வையுங்கள். ஆய்வக ரசாயனத்தைத் தொட்டியில் ஊற்றாமல் அமிலம், காரம், கரைப்பான் என்று பெயர் எழுதிய கேன்களில் சேருங்கள். பழைய கணினியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

படி 4: தண்ணீர்

மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமானது. அப்போது போட்ட குழாய்கள் பல வளாகங்களில் இன்றும் சுவரில் இருக்கின்றன. கீழே மணல் அடைத்துக் கிடக்கின்றன. புதிதாகக் கட்டும் முன்னால் இவற்றைத் தோண்டித் திறந்து பாருங்கள்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 2,000 சதுர மீட்டர் மொட்டை மாடி, ஆண்டுக்கு 1,000 மி.மீ. என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 20 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 16 லட்சம். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 130 லோடுக்கு மேல். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்துக் கல்லூரிக்கு இதைவிட அதிகம் கிடைக்கும்.

பேச்சிப்பாறை அணையை ஜூன் 1-இல் கன்னிப்பூ (முதல் பருவ நெல்) சாகுபடிக்குத் திறப்பது வழக்கம். உங்கள் வளாகத்துக்கும் அதுவே கெடு. மே கடைசி வாரத்தில் மொட்டை மாடியைக் கூட்டி, வடிகட்டியில் உள்ள ஜல்லியையும் மணலையும் கழுவி, முதல் மழையை வெளியே விடும் வால்வைச் சரிபார்த்துவிட வேண்டும். செப்டம்பர் கடைசியில் இன்னொரு முறை. இதைச் செய்யும் பிளம்பரின் பெயர், தேதி, கையெழுத்து நோட்டில் இருக்க வேண்டும்.

நீரை எங்கே விடுவது? திறந்த கிணறு இருந்தால் வடிகட்டி அதற்குள் விடுங்கள், அதைவிட நல்ல இடம் இல்லை. கடலோர வளாகத்தில் கிணறு உவர்ப்பாவதை நன்னீர் இறங்கினால்தான் தடுக்க முடியும், அதனால் அங்கே ஆழ்துளை மோட்டாரைக் குறைத்து ஓட்டுவதும் இதே வேலையின் பகுதி. சேமிப்புத் தொட்டிகளின் மூச்சுக்குழாய்க்குக் கொசுவலை கட்டுங்கள். தூக்கிப்போட்ட சிரட்டை, டயர், பாதிக் குவளை எல்லாவற்றிலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், மழைக்கு மறுநாள் கவிழ்த்துப் போட ஒரு சுற்று வேண்டும்.

படி 5: மின்சாரம்

எல்லாரும் முதலில் சோலார் என்பார்கள். சோலாரைக் கடைசியில் வையுங்கள். முதலில் வீணாவதை நிறுத்தினால் வாங்க வேண்டிய தகடுகளே குறையும்.

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். புதிய பி.எல்.டி.சி. விசிறி 30, 35 வாட்டில் ஓடும். வளாகத்தில் 600 விசிறி இருந்து, ஒவ்வொன்றிலும் 40 வாட் மிச்சமானால், நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று கணக்கிட்டால் 28,800 யூனிட். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் ஓடும் நூலகம், ஹாஸ்டல், அலுவலகத்தில் தொடங்குங்கள். பழுதாகும் விசிறியை ரீவைண்டிங்குக்கு அனுப்பாமல் புதிய வகையாகவே மாற்றுவது என்று முடிவெடுங்கள். ஏ.சி. 24 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம்.

சோலாருக்கு ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும், சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவுக்குத் தரும். நமக்கு இரண்டு மழைக்காலம், அந்த மாதங்களில் குறையும். விற்பவர் காட்டும் ஆண்டுக் கணக்கில் இதைச் சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருந்தால் உப்புக் காற்று சாதாரண போல்ட்டுகளைச் சீக்கிரம் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். காற்றைத் தாங்கும் சட்டத்துக்குப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் கேளுங்கள். ஒகிப் புயலைப் பார்த்த மாவட்டம் இது.

படி 6: மரம்

2017 நவம்பர் 30 அன்று ஒகிப் புயல் வீசியபோது ரப்பரும் வாழையும் தேக்கும் ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு மரம் நடுவதில் ஒரு கவனம் வந்திருக்கும். அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டு இறுக்கினால் வேர் பரவாது. நான்கடியாவது மண் தெரியும்படி விடுங்கள். முன்பே இருக்கும் மரங்களின் சிமென்ட் வளையத்தை உடைத்துவிடுவது, நூறு கன்று நடுவதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை.

எதை நடுவது? கடலோரத்தில் புன்னை, பூவரசு, பனை. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் கணவாய்க் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாமல் அடிக்கும். அங்கே வேம்பு, புங்கன், ஒவ்வொன்றுக்கும் ஊன்றுகோல். மேற்கே அயனி, நாவல், மருது, பலா. பூவுக்காக மட்டும் நடும் குல்மோகரின் கிளை எளிதில் முறியும், வகுப்பறை ஓரம் வேண்டாம். பனைக்கு விதையை நேரடியாக ஊன்றலாம், ஆவணி புரட்டாசியில் பழம் விழும் காலமே சரியான காலம். பழம் பறிக்கும் மரம் ஹாஸ்டல் பக்கம் கட்டாயம் இருக்கட்டும்.

சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்றே நட்டாக வேண்டும் என்றில்லை. தென்மேற்கு மழை பிடித்து நாலைந்து நாள் ஆனபிறகு நடுங்கள். இரண்டடிக் குழி, அதில் நீங்கள் செய்த உரம். பையில் சுருண்டு கிடக்கும் வேரைப் பிரித்து விடுங்கள். கன்றின் எண்ணிக்கையைக் கோடை தாங்கும் அளவுக்கு வையுங்கள். பிப்ரவரி முதல் மே வரை வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற எத்தனை கன்றுக்கு ஆள் இருக்கிறதோ அத்தனைதான். எங்களுக்கு அது 40 என்று வந்தது. 40 தான் நட்டோம்.

படி 7: விழா, வண்டி, பாடம்

கல்லூரி விழாவில் ஃபிளெக்ஸ் பேனருக்குப் பதிலாகத் துணியில் எழுதுங்கள். ஆண்டை மட்டும் தனியாக ஒட்டினால் அடுத்த ஆண்டும் அதே துணி. விருந்தினருக்குப் பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்து எதற்கு, தோவாளைப் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கும்போது? இடைவேளைக்குப் பாக்கெட் பிஸ்கட் வேண்டாம், மட்டி வாழைப்பழமும் சுக்கு காப்பியும் போதும். சாப்பாடு வாழை இலையில்.

வண்டிக்கு, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் இரு சக்கர வாகனத்தில் வருகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு. ஒரே தடத்தில் ஐம்பது பேர் இருந்தால் அந்த நேரத்துக்கு அரசுப் பேருந்து கேட்டு மனுக் கொடுக்க உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

சுற்றுச்சூழல் பாடம் எல்லா இளநிலை மாணவர்களுக்கும் உண்டு. அதன் களப்பணியாக இந்த நோட்டையே கொடுங்கள். வேதியியல் துறை கிணற்று நீரைச் சோதிக்கட்டும், இயற்பியல் துறை விசிறியின் வாட்டை அளக்கட்டும், தமிழ்த் துறை வளாகத்து மரங்களின் உள்ளூர்ப் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்கட்டும். விலங்கியல் துறைக்கு பிப்ரவரியில் நாடு முழுக்க நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஆகிய இரண்டு நீர்நிலைகளும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. நம் வளாகத்துச் சாக்கடை எந்த சானல் (கால்வாய்) வழியாக எந்தக் குளத்தில் சேர்கிறது என்று ஒரு நாள் நடந்தே பின்தொடர்ந்து போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8: பணமும் ஒப்படைப்பும்

மின் கட்டணத்திலும் சிலிண்டரிலும் மிச்சமாகும் தொகையில் பாதியையாவது இந்தத் திட்டத்துக்கே திருப்பித் தருவதாக நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். தாளாளரிடம் பேசும்போது பூமி வெப்பமாவதில் தொடங்க வேண்டாம். மே மாதக் கட்டணத்தை மேசையில் வையுங்கள், அவரே கேட்பார்.

மாணவர்கள் மூன்று ஆண்டில் போய்விடுவார்கள். ஆசிரியருக்கும் பொறுப்பு மாறும். அதனால் மார்ச் மாதத்தில், தேர்வு தொடங்கும் முன்னால், ஒரு மாலை ஒதுக்குங்கள். மூத்த மாணவர் இளையவரைக் கூட்டிக்கொண்டு உரத்தொட்டி, எரிவாயுக் கலன், கிணறு, மொட்டை மாடி, 40 கன்று என்று வரிசையாக நடக்க வேண்டும். கூடவே பிளம்பரும் தோட்டக்காரரும் தூய்மைப் பணி அக்காவும். எங்கே என்ன கெட்டுப்போகும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல இளையவர் எழுதிக்கொள்ளட்டும். சுற்று முடிந்ததும் தராசையும் நோட்டையும் உரக்கொட்டகைச் சாவியையும் அவர் கையில் கொடுத்து, அன்றைய கேண்டீன் கழிவை அவரையே எடை போட்டு எழுத வையுங்கள்.